பள்ளி மேலாண்மைக் குழுவில் காலியாகக் கிடக்கும் நம் நாற்காலிகள்

2024 ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமைகளில் தமிழகத்தின் அரசுப் பள்ளிகளில் கட்டம் கட்டமாக ஒரு தேர்வு நடந்தது. பள்ளி மேலாண்மைக் குழு மறுகட்டமைப்பு என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு பள்ளியிலும் பெற்றோரைக் கூட்டி 24 பேர் கொண்ட குழுவை அமைத்தார்கள். பதவிக்காலம் இரண்டு ஆண்டுகள். ஆக, 2026இல் அடுத்த குழு அமைய வேண்டும். நம் மஹல்லாக்களில் இந்தச் செய்தி எத்தனை வீடுகளை எட்டியது? பள்ளிவாசல் நிர்வாகத் தேர்தல் என்றால் துபாயில் இருப்பவர்கூட இரவு பன்னிரண்டு மணிக்குப் போன் போட்டு, யார் நிற்கிறார், யார் விலகினார் என்று விசாரிக்கிறார். தேவைப்பட்டால் வழக்கு மன்றம் வரை போகிறோம். நம் பிள்ளைகள் ஒரு நாளின் பெரும்பகுதியைக் கழிக்கும் இடத்தின் நிர்வாகத்தில் சட்டமே நமக்கு நாற்காலி போட்டு வைத்திருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் எச்.எம். பாத்துக்குவாரு" என்கிறோம்.

பழைய காலத்தில் உஸ்தாதிடமும் வாத்தியாரிடமும் பிள்ளையை ஒப்படைக்கும்போது, "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க" என்று சொல்லிவிட்டு வருவார்கள். அதில் ஆசிரியர் மீது இருந்த நம்பிக்கை பெரியது, மறுக்கவில்லை. ஆனால் ஒப்படைத்ததோடு கடமை முடிந்தது என்ற எண்ணமும் அதற்குள்ளேயே இருந்தது. தோலை உரிக்கச் சொன்ன காலம் போய்விட்டது. ஒப்படைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காத வழக்கம் மட்டும் போகவில்லை.

இந்தக் குழு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இருபத்தைந்து சதவீத இட ஒதுக்கீடு என்றால் எல்லோருக்கும் தெரிகிறது, ஏனென்றால் அதில் தனியார் பள்ளி இருக்கிறது. அதே சட்டத்தின் 21ஆம் பிரிவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பள்ளியை நிர்வகிப்பதற்கான குழுவில் நான்கில் மூன்று பங்கினர் அங்கே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும், நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்களின் விகிதப்படி இடம் தர வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பது, வந்த நிதி எப்படிச் செலவானது என்று பார்ப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிப்பது ஆகியவை அதன் வேலைகள். தமிழக அரசு 2022இல் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது, தலைவர் பெற்றோரில் ஒருவராக, அதுவும் ஒரு பெண்ணாக இருக்க வேண்டும் என்று வைத்தது. 2024இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்தது.

பெற்றோர் ஆசிரியர் கழகம் ஏற்கெனவே இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது, பல பத்தாண்டுகளாக இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வாங்கும் வினா வங்கிப் புத்தகத்தின் அட்டையில் அதன் பெயரைப் பார்த்திருப்போம். பல ஊர்களில் அது நன்கொடை தரக்கூடிய பெரிய மனிதர்களின் கழகமாக இருந்தது. தலைவராக இருப்பவரின் பேரப்பிள்ளையும் அந்தப் பள்ளியில் படித்து முடித்துப் போயிருக்கும், அவர் மட்டும் தொடர்ந்து தலைவராக இருப்பார். மேலாண்மைக் குழுவில் அது நடக்காது. பெற்றோர் இடத்தில் உட்கார வேண்டுமென்றால் பிள்ளையின் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

ஊர் கூடிப் பள்ளியைத் தாங்குவது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவின் முயற்சியில் 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. நிலம், பெஞ்சு, கடிகாரம், சீருடை என்று கையில் இருந்ததைக் கிராமத்து மக்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். அன்றைக்கு ஊரிடம் பொருள் கேட்டார்கள். இன்றைக்குச் சட்டம் அதைவிடக் கடினமான ஒன்றைக் கேட்கிறது: மாதம் ஒரு முறை வந்து உட்காரும் நேரத்தை. பொருள் கொடுப்பதில் நாம் ஒருபோதும் பின்தங்கியதில்லை.

இனி, நம் கவலைக்குரிய இடம். சட்டப்படி இலவசக் கட்டாயக் கல்வி என்பது பதினான்கு வயது வரை, எட்டாம் வகுப்பு வரை. உயர்நிலைப் பள்ளி பத்தாம் வகுப்போடு முடிகிறது. இந்த இரண்டு படிக்கட்டுகளிலும்தான் நம் பிள்ளைகள் இடறுகிறார்கள். எட்டு முடித்து ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த பையன் ரமலானுக்கு மாமாவின் துணிக்கடையில் ஒரு மாதம் நிற்கப் போவான். பெருநாள் முடிந்து பள்ளிக்குத் திரும்பினாலும் மனம் கடையிலேயே இருக்கும். பத்தாவது முடித்த பெண்பிள்ளையின் கதை வேறு. ஊரில் உள்ளது உயர்நிலைப் பள்ளி, பதினொன்றாம் வகுப்புக்கு அடுத்த ஊருக்குப் பேருந்தில் போக வேண்டும், பேருந்து காலையில் ஒன்று, மாலையில் இருட்டிய பிறகு ஒன்று. "இவ்வளவு படிச்சது போதும்" என்று வீட்டில் முடிவாகிறது. 480 மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கும் அதே முடிவுதான். வாப்பாவைக் குறை சொல்லி நாம் நூறு பயான் செய்யலாம். அந்தப் பேருந்தின் நேரத்தை மாற்றும்படி ஒரு தீர்மானம் போட்டிருக்கிறோமா?

இங்கேதான் குழுவின் பயன் தெரிகிறது. அதன் கூட்டத்தில் எழுதப்படும் தீர்மானம் பெற்றோருக்கான செயலியில் பதிவாகிறது. அங்கிருந்து அந்தந்தத் துறைக்குப் போகிறது. கழிவறை, சுற்றுச்சுவர், ஆசிரியர் காலியிடம், பள்ளி வாசலில் புகையிலைப் பொருள் விற்கும் கடை, பேருந்து என எதையும் எழுதலாம். உயர்நிலைப் பள்ளியை மேல்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்தக் கேட்பதற்கும் இதுவே முறையான வாசல். தரம் உயர்த்த இடம் வேண்டும், ஊரின் பங்களிப்பு வேண்டும், அக்கம்பக்கத்துப் பள்ளிகளில் எத்தனை பிள்ளைகள் பத்தாவது முடிக்கிறார்கள் என்ற கணக்கு வேண்டும். பல ஊர்களில் சும்மா கிடக்கும் மனையைப் பற்றி நாம் இங்கே எதுவும் சொல்லப் போவதில்லை, ஊர்க்காரர்களுக்கே தெரியும். ஒரு தனிமனிதர் ஆட்சியரிடம் கொடுக்கும் மனு ஒரு மனு மட்டுமே. சட்டப்படி அமைந்த குழு, பதிவேட்டில் எழுதி, தலைமை ஆசிரியர் உட்பட எல்லோரும் கையெழுத்திட்டு அனுப்புவதை அதிகாரி தள்ளி வைத்தாலும் ஒரு பதில் எழுதித்தான் தள்ள வேண்டியிருக்கும்.

அரசும் இந்தக் குழுக்களை வெறும் அலங்காரமாக நினைக்கவில்லை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2022இல் 13,331 தற்காலிக ஆசிரியர்களை இக்குழுக்கள் வழியாகவே நியமித்துக்கொள்ள முடிவு செய்தார்கள். அதில் முறைகேடுகளுக்கு இடம் உண்டாகும் என்று வழக்குகள் வந்தன, உயர் நீதிமன்றம் தலையிட்டது. நியமிக்கும் முறை சரியா தவறா என்பது வேறு விவாதம். நாம் கவனிக்க வேண்டியது, ஓர் ஆசிரியர் வகுப்புக்குள் வருவதற்கு அந்தப் பள்ளியின் பெற்றோர் குழு காரணமாக இருக்க முடியும் என்ற அளவுக்கு விஷயம் போயிருக்கிறது என்பதை.

உதவித்தொகை விஷயத்துக்கு வருவோம். இதில் நம் வீடுகள் இழப்பது அதிகம். சிறுபான்மை மாணவருக்கான ஒன்றிய அரசின் பள்ளிப் படிப்பு உதவித்தொகை 2022–23 முதல் ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை நிறுத்தப்பட்டது. எட்டு வரை கல்வி இலவசம்தானே என்று காரணம் சொன்னார்கள். ஒன்பதும் பத்தும் மட்டும் திட்டத்தில் மிஞ்சின. இந்த அநீதியை நாம் கண்டித்தோம், கண்டிக்க வேண்டியதுதான். அதே நேரத்தில் மதம் பார்க்காமல் கிடைக்கும் ஒன்று இருக்கிறது: எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் படிப்பவர்கள், பெற்றோர் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மிகாதவர்கள் எழுதலாம். தமிழகத்துக்கு ஆண்டுக்கு 6,695 இடங்கள். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய், நான்கு ஆண்டில் 48,000 ரூபாய். சில பள்ளிகள் ஆண்டுதோறும் பத்துப் பிள்ளைகளைத் தேற்றி எடுக்கின்றன. பக்கத்துப் பள்ளியில் ஒருவர்கூடத் தேறுவதில்லை. போய்ப் பார்த்தால் பெரிய ரகசியம் எதுவும் இருக்காது. ஓர் ஆசிரியர் மாலையில் ஒரு மணிநேரம் கூடுதலாக நின்றிருப்பார். அந்த நேரத்துக்குச் சுண்டலும் தேநீரும் கொடுத்து, இருட்டுவதற்குள் பிள்ளைகளை வீடு சேர்க்கும் பொறுப்பை நாலு தாய்மார்கள் ஏற்றிருப்பார்கள்.

அடுத்தது சான்றிதழ். இதில் நம் சமுதாயத்துக்கென்றே ஒரு தனிச் சிக்கல் உண்டு, பெயர். பள்ளிப் பதிவேட்டில் முகமது, ஆதாரில் முஹம்மது, வங்கிக் கணக்கில் முஹம்மத், வாப்பாவின் பாஸ்போர்ட்டில் அது பாதியாகச் சுருங்கி ஒற்றை எழுத்து. தமிழில் எழுதினாலே இத்தனை வகை, ஆங்கில எழுத்தில் கேட்க வேண்டியதே இல்லை. பாத்திமாவுக்கும் இதே நிலை. உதவித்தொகை விண்ணப்பம் கணினியில் திரும்பி வருவதற்கு இந்த ஓர் எழுத்து போதும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் தயாராகும்போது திருத்திக்கொள்ள வாய்ப்புத் தருகிறார்கள். மதிப்பெண் சான்றிதழ் அச்சாகி வந்துவிட்டால் அதன் பிறகு அலைச்சல்தான். சாதிச் சான்றிலும் கவனம் வேண்டும். லெப்பை, ராவுத்தர், மரைக்காயர், தக்னி, ஷேக், சையத், மாப்பிள்ளை, அன்சார், தூதேகுலா என்று பட்டியலில் உள்ளவர்களுக்கே பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் பிரிவின் 3.5 சதவீத இட ஒதுக்கீடு பொருந்தும். "முஸ்லிம்" என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு, கல்லூரி வாசலில் நின்று கைபிசையும் குடும்பங்கள் உண்டு. ஒன்பதாம் வகுப்பிலேயே, ஒரு சனிக்கிழமை, எல்லாப் பிள்ளைகளின் ஆதார், வங்கிப் புத்தகம், பள்ளிப் பதிவு மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்கும் வேலையைப் பெற்றோர் குழு செய்தால் அதைவிடப் பெரிய சேவை இல்லை. கணினி தெரிந்த முன்னாள் மாணவர்கள் இருவர் போதும். குழுவில் முன்னாள் மாணவர்களுக்கு இடம் கொடுத்ததற்கு இதுவே பொருத்தமான பயன்.

இன்னொன்றையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவருக்கு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. கல்லூரிக்குப் போகும் பெண்பிள்ளைக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளிப் படிப்பைப் பார்க்கிறது. உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் பின்னர் அதில் சேர்க்கப்பட்டார்கள். பத்து வரை அரசுப் பள்ளியில் படிக்க வைத்துவிட்டு, "பொம்பளப்புள்ளைக்கு மட்டும் உள்ள ஸ்கூல்" என்று பதினொன்றில் தனியார் பள்ளிக்கு மாற்றும் தகப்பனார், கட்டணம் கட்டுவதோடு இந்த இரண்டையும் சேர்த்தே இழக்கிறார். மாற்றுவதும் மாற்றாததும் அவர் விருப்பம். தெரிந்து செய்ய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறோம். பத்தாம் வகுப்பு முடிவு வருவதற்கு முன்பே குழு பெற்றோரைக் கூட்டி இதைச் சொல்லிவிட்டால், சில முடிவுகள் மாறக்கூடும்.

பள்ளி நிகழ்ச்சிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022–23 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. நம் வீடுகளில் அதன் பெயரைக் கேட்டதும் ஆட்டம் பாட்டம் என்று நினைத்துப் பிள்ளையைக் கூப்பிட்டுக்கொள்கிறோம். பேச்சு, கட்டுரை, கையெழுத்து, ஓவியம், திருக்குறள் ஒப்பித்தல் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. மக்தபில் குர்ஆனை அழகாக ஓதிப் பழகிய பிள்ளையிடம் குரலும் மனனமும் தயாராக இருக்கின்றன. அந்தப் பிள்ளை மேடை ஏறாமல் நிற்பதற்கு விருப்பமின்மை காரணமல்ல, யாரும் பெயர் கொடுக்கவில்லை என்பதே காரணம். விளையாட்டுப் போட்டிக்குப் பெண்பிள்ளைகளோடு போகத் துணைக்கு ஆள் இல்லை என்று உடற்கல்வி ஆசிரியர் தயங்கினால், ஒரு தாய் உடன் போகலாம். அதைக் கேட்டு ஏற்பாடு செய்வதும் குழுவின் வேலைதான்.

தாய் என்றதும் ஒரு கேள்வி எழும். தலைவர் பெண், பாதி உறுப்பினர் பெண்கள், நம் பெண்கள் போகலாமா? கடலோர ஊர்களில் சபுராளி வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். கணவர் சவூதியிலோ மலேசியாவிலோ இருக்கிறார். ரேஷன் கடை, மருத்துவமனை, வங்கி, பத்திர அலுவலகம் எல்லாவற்றுக்கும் அவள்தான் போகிறாள். அங்கெல்லாம் எழாத கேள்வி, பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேசப் போகும்போது மட்டும் ஏன் எழ வேண்டும்? தன் ஒழுங்கோடும் உடையோடும் போய் உட்கார மார்க்கத்தில் எந்தத் தடையும் நாம் காணவில்லை. நபிகளாரின் துணைவியார் ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர் ஷிஃபா என்ற பெண்மணி (ரலி) என்று ஹதீஸ் நூல்களில் படித்திருக்கிறோம். கல்வி விஷயத்தில் பெண்கள் முன்னே நின்றது நமக்குப் புதுச் செய்தி அல்ல. வேறொரு கோளாறுதான் உண்மையில் நடக்கிறது. தலைவராக மனைவியின் பெயர், கூட்டத்துக்கு வருபவர் கணவர் அல்லது மைத்துனர், வீட்டுக்கு அனுப்பப்படும் பதிவேட்டில் அவள் கையெழுத்து. பஞ்சாயத்துகளில் பார்த்த அதே காட்சி. படிக்காமல் போட்ட கையெழுத்துக்கும் பொறுப்பு அவளுடையதுதான், இங்கும் சரி, மறுமையிலும் சரி.

குழுக்கள் எல்லாம் நன்றாக நடக்கின்றன என்று நாம் சொல்ல வரவில்லை. பல இடங்களில் கூட்டம் தேநீரோடு முடிகிறது. ஒரே தீர்மானம் மாதாமாதம் தேதி மாறி எழுதப்படுகிறது. கேள்வி கேட்டால் பிள்ளையின் மதிப்பெண்ணில் கை வைத்துவிடுவார்களோ என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். கேள்வி கேட்கவே இவர்கள் வருகிறார்கள் என்று ஆசிரியர்களும் முகம் சுளிக்கிறார்கள். போதாததற்கு, பி.எம். ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் தமிழகத்துக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. டெல்லிக்கும் சென்னைக்கும் நடக்கும் சண்டையில் ஒரு கிராமத்துப் பள்ளியின் குழுவால் எதுவும் செய்ய முடியாது. ஆனால் வந்த பணம் எங்கே போனது என்று கேட்கும் பழக்கம் இருந்தால்தான், வராத பணத்தை உரிமையோடு கேட்க வாய் வரும்.

குழுவுக்குள் போகும் நம்மவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அது ஜமாஅத்தின் கிளை அல்ல. அங்கே பக்கத்து நாற்காலியில் காலனியிலிருந்து வந்த ஒரு தாய் உட்கார்ந்திருப்பார், எதிரே மீனவர் குப்பத்திலிருந்து ஒருவர் இருப்பார். கழிவறையில் தண்ணீர் வரவில்லை என்றால் எல்லோருடைய பிள்ளைக்கும்தான் வரவில்லை. நம் பிள்ளைக்கு என்று தனியாகப் பேசத் தொடங்கினால் நம் பேச்சு அங்கே எடுபடாது, எடுபடவும் கூடாது. குடிநீர்த் தொட்டி ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டு, தொட்டியைவிடப் பெரிய எழுத்தில் பெயர் எழுதும் வழக்கத்தையும் நாம் வெளியே விட்டுவிட்டுப் போகலாம்.

நம் சமுதாயம் நடத்தும் பள்ளிகளைப் பற்றிப் பேசாமல் விட்டால் இந்தக் கட்டுரை பாதி உண்மையாகிவிடும். 2012இல் வந்த திருத்தம், சிறுபான்மைப் பள்ளிகளில் இத்தகைய குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம் என்றது. 2014இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, கல்வி உரிமைச் சட்டமே சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பர் 1 அன்று இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பில் ஐயம் தெரிவித்துப் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியது. அரசியல் சாசனத்தின் 30ஆம் பிரிவு தந்த உரிமையைக் காக்க வேண்டும் என்பதில் நமக்கு இரு கருத்து இல்லை. அந்த உரிமை சமுதாயத்துக்குத் தரப்பட்டது. சமுதாயம் என்பதில் தாளாளரும் நிர்வாகக் குழுவும் மட்டும் இல்லை, வாசலில் பிள்ளையை இறக்கிவிட்டுப் போகும் பெற்றோரும் உண்டு. அரசுப் பள்ளியில் கூலித் தொழிலாளியின் மனைவி தலைவர் நாற்காலியில் உட்காரும்போது, நம் பள்ளிகள் பலவற்றில் பெற்றோரை மதிப்பெண் அட்டையில் கையெழுத்து வாங்கவும் கட்டண பாக்கியைக் கேட்கவும் மட்டுமே அழைக்கிறோம். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதால் பெற்றோர் குழு அமைக்கக் கூடாது என்று எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. ஆலோசனை செய்து காரியம் ஆற்றுவதைப் பற்றி 'அஷ்ஷூரா' என்று ஓர் அத்தியாயத்துக்கே பெயர் இருக்கும் வேதத்தை ஓதுகிறவர்களுக்கு இதை நினைவூட்ட வேண்டியிருப்பது வருத்தம்தான்.

2026இல் அமைய வேண்டிய குழுக்களுக்கான நாளைப் பள்ளிகளே அறிவிக்கும். கட்டணம் இல்லை, பரிந்துரைக் கடிதம் இல்லை. பிள்ளை அந்தப் பள்ளியில் படிக்க வேண்டும், பெற்றோர் அன்றைக்கு நேரில் இருக்க வேண்டும், அவ்வளவே. இப்போதைய குழுவில் உங்கள் தெருவிலிருந்து யார் இருக்கிறார்கள் என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டால் சொல்வார். மாதக் கூட்டம் 2022 முதலே பெரும்பாலும் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு வைக்கப்பட்டு வருகிறது. ஜும்ஆ முடிந்து, சாப்பிட்டு, ஒரு சிறு ஓய்வு எடுத்துவிட்டுப் போகவும் நேரம் இருக்கிறது. மரண அறிவிப்பு, வசூல் அறிவிப்பு, காணாமல் போன செருப்பு வரை ஒலிபெருக்கியில் சொல்லும் இமாம்கள், அன்றைய தொழுகை முடிந்ததும் பள்ளியின் பெயரையும் நேரத்தையும் ஒரு வரி சேர்த்துச் சொல்லலாம். மேல் மாடியில் தொழுத பெண்களுக்கும் அது கேட்கும்.